ஆர் கண்டது?

மலர்ச்சாலை அக்கா என்னை முதன்முதலாகக் கண்ட அன்று நான் ஒரு கள்ளன் என்றுதான் நினைத்தார். அதை மறைக்கவேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

இணுவிலுக்கு அடுத்த சந்தியில், பெருவீதியை ஒட்டி இருந்தது அந்த மலர்ச்சாலை. முன்னால் பெட்டிகள் அடுக்கிய கூடம். அதற்குப் பின்னால் பிரேதத்தைப் பதப்படுத்தும் அறை. அதற்கும் பின்னால் அவர்களுடைய வீடு. அக்காவின் மாமனார் தொடங்கிய தொழில் அது. அவர் போன பிறகு அக்காவின் கணவர் வாகனம் ஓட்டினார், கணவரின் தம்பி எம்பாம் செய்தார், மற்றதெல்லாம் அக்கா. சுற்றியுள்ள சைவக் குடும்பங்களும் வடக்குக் கடற்கரையின் கத்தோலிக்கக் குடும்பங்களும் ஒரு சாவு என்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். நான் செத்தவீடுகளை நேரலையில் வெளிநாட்டுக்குக் காட்டும் வேலை செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட ஊர்களில் அந்த வேலைக்குக் குறைவில்லை.

அன்று ஒரு கிழவியின் செத்தவீடு. கமெராவை முக்காலியில் பூட்டிவிட்டு நிமிர்ந்தபோது பின்னால் அக்கா நின்றார். சின்ன உருவம். நரைக்கத் தொடங்கிய தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். கண் இமைக்காமல் பார்ப்பார்.

“உந்தப் படம் எங்கை போகுது?”

கனடாவுக்கு, மகன் அங்கிருந்து பார்க்கிறார் என்றேன்.

“அவர் பாக்கிறார் எண்டு ஆர் கண்டது?”

‘ஆர் கண்டது’ என்பது எங்கள் பக்கத்தில், யாருக்குத் தெரியும் என்று கையை விரிக்கும்போது சொல்கிற சொல். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. அக்கா அதை நேரான கேள்வியாகக் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பார். அன்று அந்த மகனை நான் தொலைபேசியில் அழைக்கவேண்டி வந்தது. அம்மாவுக்கு என்ன நிறச் சேலை போர்த்தியிருக்கிறது என்று அக்கா அவரிடம் கேட்டார். அழுதுகொண்டிருந்த மனிதர் விக்கி விக்கி, மாம்பழ நிறம் என்றார். “சரி, எடு தம்பி” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிப்போயிற்று.

பிறகு பல வருடங்கள் அவரோடு செத்தவீடுகளுக்குப் போய்வந்தேன். அவர் சந்தேகப்படாத ஆளையோ பொருளையோ நான் காணவில்லை. இன்று பறித்த பூ என்று பூக்காரன் சொன்னால் காம்பைக் கிள்ளிப் பார்ப்பார். பலாப் பலகை என்று தச்சன் சொன்னால் பெட்டியைக் கவிழ்த்து அடியை முகர்ந்து பார்ப்பார். சத்தம் போட்டு அழுகிறவர்களைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்ப்பார். கணவர் வாகனத்தோடு சாவகச்சேரிக்குப் போயிருக்கிறார் என்றால், சாவகச்சேரியில் இருக்கும் யாரையாவது கூப்பிட்டு வாகனம் நிற்கிறதா என்று கேட்பார். கணவர் சாந்தமான மனிதர், இதற்கெல்லாம் சிரிப்பார். தன்னைக் கலியாணம் கட்டுவதற்கு முன்னரே தன்னைப் பற்றித் தன் எதிரிகள் வரைக்கும் விசாரித்த பெண் என்று என்னிடம் பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

செத்தவர்களையும் அவர் விடவில்லை. ஒரு பிரேதம் வந்து மேசையில் வைத்ததும் காதுக்குக் கிட்டக் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வாயில் வாசம் பார்ப்பதுபோல ஒரு கணம் நிற்பார். பிறகு, உறவுக்காரரில் ஒருவரையாவது உள்ளே அழைத்து முகத்தைப் பார்த்து இன்னார்தான் என்று வாயால் சொல்ல வைப்பார். வீட்டில், கண் முன்னால் செத்த ஆளாக இருந்தாலும் சரி. சொல்லாமல் பெட்டி மூடப்படாது. நோய்த்தொற்றுக் காலத்தில் பெட்டிகளைத் திறக்கக்கூடாது என்று வந்தபோது, அந்தச் சாவுகளை அவர் பொறுப்பெடுக்கவே இல்லை. ஆரெண்டு காணாமல் அனுப்புவதற்குத் தான் எதற்கு என்று மலர்ச்சாலையின் முன் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்.

ஏன் இப்படி என்பதற்கு ஊரில் பல கதைகள் இருந்தன. சண்டைக் காலத்தில் அவருடைய தமையன் மூடிய பெட்டியில் வந்ததாகவும், தகப்பன் திறக்கவிடாமல் புதைத்ததாகவும் ஒரு கதை. மாமனார் காலத்தில் இதே மலர்ச்சாலையில் இரண்டு பிரேதங்கள் மாறிப்போய், ஒரு குடும்பம் வேறு யாரையோ எரித்துவிட்டதாகவும் அதை அந்த வீட்டார் விழுங்கிவிட்டதாகவும் இன்னொரு கதை. விரலில் மோதிரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறக்கிறார் என்று சொன்னவர்களும் உண்டு. எது உண்மை என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. கணவரிடம் ஒருமுறை மெதுவாகக் கேட்டேன். அவர் வாகனத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய சந்தேகம் எப்போதும் சரியாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம் செய்த ஒரு பெரியவர் இறந்தார். மகன் வெளிநாட்டில். மருமகள்தான் வருடக் கணக்காகப் பார்த்தவள். பிரேதத்தைக் குளிப்பாட்டும்போது இரண்டு கைகளிலும் கருநீலக் கண்டல்கள் இருப்பதை அக்கா கண்டார். மருமகளை ஒரு முறை பார்த்தார், கண்டலை ஒரு முறை பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையை இறக்கிவிட்டு, வேலையை நிறுத்தச் சொன்னார். கிராம சேவகர் வந்தார், பொலிஸ் வந்தது, மரண விசாரணை அதிகாரியும் வந்தார். முற்றம் நிறைந்த சனத்துக்கு நடுவில் அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். என்னுடைய கமெரா ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்துவதற்குள் வெளிநாட்டில் இருந்த சொந்தமெல்லாம் அதைப் பார்த்துவிட்டது.

இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த குளிசையாலும் சேலைன் ஊசியாலும் வந்த கண்டல் அது என்று டொக்டர் எழுதிக்கொடுத்தார். செத்தவீடு அடுத்த நாளுக்குத் தள்ளிப்போயிற்று. அந்த மருமகள் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடியே அக்காவைப் பார்த்துச் சொன்னாள்: “மாமாவை நான் தூக்கிக் குளிப்பாட்டினதை ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. கண்டலைப் பாக்கத்தான் ஊர் திரண்டு வந்தது.”

அக்கா மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். “பிழையெண்டு இப்ப தெரியுது பிள்ளை. அப்ப தெரியேல்லை” என்று மட்டும் சொன்னார். கொடிகாமப் பக்கத்தில் அதற்குப் பிறகு அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. திரும்பி வரும் வழியில் எனக்கு அன்றைக்கு அவரைப் பிடிக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு மனிதரில் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறதா, அல்லது அடுத்தவரின் துக்கத்துக்குள் கையை விட்டுப் பார்ப்பதில் ஒரு ருசியா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

மயிலிட்டிக்காரரின் பெட்டி வந்தது அதற்கு அடுத்த மாரியில்.

அந்த வீட்டில் ஒரு தாய், இரண்டு பெடியள். ஒரு பெண்பிள்ளை பிரான்சில். தகப்பன் வெகுகாலத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். மூத்தவன் கடற்றொழில் செய்தான். இளையவன் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலைக்குப் போனான். வேலையாட்களை ஏற்றிப்போன வாகனம் புரண்டு அவன் செத்துப்போனான் என்று முகவர் அறிவித்தார். பெட்டி கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்தது. அக்காவின் கணவர் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். சகோதரி பிரான்சிலிருந்து பார்ப்பதற்காக என்னையும் பிடித்திருந்தார்கள்.

பெட்டியைக் கூடத்தில் இறக்கியதும் அக்கா ஆணி கழற்றச் சொன்னார். மூத்தவன் மூடியின் மேல் கையை வைத்தான். திறக்கவேண்டாம் என்று முகவர் சொல்லியிருக்கிறார் என்றான். விபத்தில் செத்த உடம்பு, அம்மா தாங்கமாட்டா, கோயிலில் பாதர் காத்துக்கொண்டிருக்கிறார், நேரே கொண்டுபோய் அடக்கம் செய்வோம் என்றான். அவன் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை முடிப்பதற்குள் அடுத்த காரணத்தைச் சொன்னான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாங்கிறதும் தாங்காததும் அம்மாவின்ரை விசயம் தம்பி. ஆரெண்டு தெரியாமல் இஞ்சையிருந்து நான் ஒருத்தரையும் அனுப்பமாட்டன்.”

அவன் குரல் உயர்ந்தது. அக்காவைப் பற்றி ஊரில் என்ன கதைக்கிறார்கள் என்று தனக்குத் தெரியும் என்றான். மோதிரக் கதையையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னான். அக்காவின் கணவர் முன்னால் வந்தார். அக்கா அவரைக் கையால் விலக்கிவிட்டு, ஆணிகளைக் கழற்றும்படி கொழுந்தனுக்குத் தலையை ஆட்டினார். மரத்துக்குள்ளே இன்னொரு தகரப் பெட்டி இருந்தது. அதையும் வெட்டினார்கள். மருந்து மணம் கூடம் முழுக்க அடித்தது. மேலே இருந்த துணியை அக்கா விலக்கினார்.

முகத்தில் காயம் எதுவும் இல்லை. உறங்குகிற ஒரு இளைஞனின் முகம்.

மூத்தவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். “தம்பிதான்” என்றான். “மூடுங்கோ.”

அக்கா மூடவில்லை. வடிவாப் பார்த்துச் சொல்லு என்றார். அவன் பெட்டியைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, தம்பிதான், தம்பிதான் என்று இரண்டு தரம் சொன்னான். எனக்குச் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவன் அப்படித்தான் இருப்பான் என்று நினைத்தேன். அக்கா என்னிடம் கமெராவை நிறுத்து என்றார். பிறகு வெளியே வாகனத்துக்குள் இருந்த தாயைத் தானே போய்க் கைபிடித்துக் கூட்டிவந்தார். மூத்தவன் குறுக்கே போய் நின்றான். தாய் அவனை ஒதுக்கிவிட்டு வந்தா.

அந்தத் தாய் பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. அழவில்லை. கையை நீட்டி, முகத்தைத் தொடாமல் நிறுத்தினா.

“இது ஆரின்ரை பிள்ளை?” என்றா.

மூத்தவன் நிலத்தில் குந்திவிட்டான்.

பின்னேரம், தாயை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவன் மட்டும் திரும்பி வந்து வாசற்படியில் நின்றான். காலையில் இருந்த கோபம் அவனிடம் இல்லை. தன் தகப்பன் கடலில் போன பிறகு தாய் என்ன பாடுபட்டா என்று சொன்னான். உடல் கிடைக்கவில்லை. யாரோ இந்தியாவில் கண்டதாகச் சொன்னார்கள், யாரோ மன்னாரில் கண்டதாகச் சொன்னார்கள். இடம்பெயர்ந்து முகாம் முகாமாக இருந்த காலத்திலும், இந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது என்று தாய் கேட்டுக்கொண்டே இருந்தாவாம். ஒரு பிள்ளையாவது மண்ணுக்குள் கிடக்கட்டும், போய் மெழுகுதிரி கொளுத்த ஒரு இடம் இருக்கட்டும் என்று நினைத்துத்தான் பொய் சொன்னேன் என்றான்.

“நீங்கள் பேசாமல் மூடியிருந்தால் அவவுக்கு ஒரு கல்லறையாவது இருந்திருக்கும் அக்கா. இப்ப திரும்பவும் காத்துக்கொண்டு இருக்கப்போறா.”

அக்கா காலையில் கழற்றிப் போட்ட ஆணிகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அவன் சொன்னபடியே நடந்தது. தாய் கறுப்புச் சேலையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டா. பெட்டிக்குள் தன் மகன் இல்லையென்றால் தன் மகன் உயிரோடுதான் இருக்கிறான் என்று அயலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தா. பஸ் ஏறி மலர்ச்சாலைக்கு வருவா. தகவல் வந்ததா என்று கேட்பா. வந்தால் சும்மா இருக்காமல், ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்திருந்த அந்த அறியாத பெடியனையும் போய்ப் பார்க்கவேண்டும் என்று நிற்பா. அவனுடைய தாய் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பாள், ஒருத்தராவது வந்து எட்டிப் பார்க்கவேணும் என்பா. அக்கா அவவைக் கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் கொழும்புக்கும் முகவருக்கும் தூதரகத்துக்கும் தொலைபேசி எடுப்பார். அவர்கள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் அவருடைய வழக்கமான கேள்வியைக் கேட்பார். முகவர் கடைசியில் அவருடைய இலக்கத்தைக் கண்டால் எடுப்பதையே விட்டுவிட்டார். அக்கா என்னுடைய தொலைபேசியை வாங்கி எடுத்தார், பிறகு பூக்காரனுடையதை.

ஒரு நாள் அந்தத் தாய், தன் பிள்ளை எங்கேயோ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான் போல என்று ஆசையோடு சொன்னா. அக்கா சட்டென்று, “உயிரோடை இருக்கிறான் எண்டும் ஒருத்தரும் காணேல்லை அம்மா” என்றார். நான் அக்காவை முறைத்துப் பார்த்தேன். இந்தளவு கல்நெஞ்சு ஒருவருக்குத் தேவையா என்றிருந்தது.

விசயம் துலங்கியது அக்காவின் நச்சரிப்பாலும் மயிலிட்டிப் பாதரின் முயற்சியாலும். அதே வாகனத்தில் இன்னொரு தமிழ்ப் பெடியனும் செத்திருக்கிறான். கடலுக்கு அந்தக் கரையில், இராமநாதபுரம் பக்கத்து மீன்பிடி ஊர் ஒன்று. அவர்களும் கத்தோலிக்கர். இரண்டு வீட்டிலும் ஒரே புனிதரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். அங்கே பிணவறையில் யாரோ பெயரை மட்டும் பார்த்துப் பெட்டியில் ஒட்டிவிட்டார்கள். அந்தக் கரைக்குப் போன பெட்டியை அவர்கள் அடக்கமும் செய்துவிட்டார்கள். பாதர் அந்த ஊர்ப் பாதரைப் பிடித்து, அந்தத் தாயைத் தொலைபேசியில் பிடித்துத் தந்தார்.

மூத்தவனுக்கு இது வேறு விதமாகக் குத்தியது. அந்தக் கரை இழுவைப் படகுகள் அவனுடைய வலைகளை அறுத்துப்போட்டவை. அவங்களை நம்பலாமா என்று கேட்டான். அக்காவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார், ஆனால் வலைக்காக அல்ல. முகவரின் ஆட்கள் எங்கள் பெடியனை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டு, கணக்கை முடிப்பதற்காக இப்படிச் சொல்கிறார்களோ என்பது அவருடைய பயம்.

மயிலிட்டியில், மீளக் குடியேறிக் கட்டிய அந்த வீட்டின் விறாந்தையில், ஒரு மத்தியானம், நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழைப்பதற்கு முன் அக்கா தாயைக் குசினிக்குள் கூட்டிப்போய், மகனின் முகத்தில் மாறாத அடையாளம் என்ன என்று கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் அவவிடம் சொன்னார்:

“நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. அவ சொல்லட்டும்.”

திரையில் வந்த பெண்ணுக்கும் ஏறத்தாழ இதே வயதுதான். அவரும் கறுப்பு உடுத்தியிருக்கவில்லை. அக்காதான் தொடங்கினார். பெட்டியைத் திறந்தீர்களா என்று கேட்டார்.

“தெறந்தோம்மா. நான் பாத்தேன். எம்புள்ள இல்லன்னு பாத்தவொடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொன்னேன். செத்தா மொகம் மாறிடும், நீ மனசு கெட்டுப்போயி பேசுறன்னாக. எல்லாருஞ் சொல்லும்போது நான் ஒருத்தி என்ன செய்ய? அடக்கம் பண்ணிட்டாக.”

அக்கா என் தோளுக்கு மேலால் முகத்தை நீட்டினார். அந்தப் பிள்ளையின் முகத்தில் என்ன கண்டீர்கள் என்று கேட்டார்.

“நாடிக்குக் கீழ ஒரு தழும்பு இருந்துச்சு. தூண்டி முள்ளு ஏறுன மாதிரி. எங்க வீட்டுலயும் அந்தத் தழும்பு உண்டு, எம்புருசனுக்குக் கையில. அதான் பாத்ததும் நெனச்சேன், இதுவும் கடக்கரைப் புள்ளதான்னு.”

மயிலிட்டித் தாயின் கை தன் நாடிக்குப் போயிற்று. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூத்தவன் எழுந்து விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றான்.

“கண் மூடியிருந்ததோ?” என்று தாய் கேட்டா.

“மூடியிருந்துச்சு.”

“தலை இழுத்திருந்ததோ?”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. தலை சீவியிருந்ததா என்று கேட்கிறா என்று நான் சொன்னேன்.

“இல்ல. கலஞ்சு கெடந்துச்சு. நாந்தான் சீவி விட்டேன். எம்புள்ள இல்லன்னு தெரியும். அதுக்காக அப்பிடியே விட மனசு வரல.”

அப்போதுதான் தாய் அழத் தொடங்கினா. பெட்டி திறந்த அன்றைக்கு வராத அழுகை. அந்தப் பக்கத்திலும் அழுதார்கள். அக்கா தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வாகனத்துக்குள் அக்கா வீதியைப் பார்த்தபடி இருந்தார். தெல்லிப்பழை தாண்டியதும், அந்தத் தழும்பைப் பற்றி முகவர் யாரும் அந்தக் கரைத் தாய்க்குச் சொல்லியிருப்பார்களோ என்றார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. இதற்கு மேலும் சந்தேகமா அக்கா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். கணவர் வாகனத்தின் வேகத்தைக் குறைத்தார்.

“தழும்பைச் சொல்லிக் குடுக்கலாம் தம்பி” என்றார் அக்கா. “தலை சீவினதைச் சொல்லிக் குடுக்கேலாது. அது மயிலிட்டி அம்மாவின்ரை பிள்ளைதான்.”

அவர் ஒன்றைத் தானே பார்க்காமல் நம்பியதை எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான் கண்டேன்.

புதைத்தவனை எடுத்து இங்கே அனுப்பவும், இவனை அங்கே அனுப்பவும் இரண்டு நாட்டிலும் நீதிமன்றம் ஏற வேண்டும் என்றார்கள். அவன் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும், தான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அந்தக் கரைத் தாய். தன் பிள்ளையை மயிலிட்டியிலேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அதற்கான அனுமதி வர இன்னும் சில கிழமைகள் எடுத்தன. மயிலிட்டித் தாய் கறுப்புச் சேலையை எடுத்து உடுத்தினா. மகனுக்காகவா, அந்தப் பெடியனுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அடக்கத்தன்று கோயில் முன்றலில் சனம் நிறைந்திருந்தது. அறியாத ஒருவனுக்கு இவ்வளவு சனமா என்று நினைத்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கரைக்காரனை நம்முடைய சேமக்காலையில் புதைப்பதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். மூத்தவன் அவர்களுக்கு நடுவால் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். குழிக்கருகில் இறக்கியதும் அக்கா என்னைத் தொலைபேசியோடு கிட்ட வரச் சொன்னார். மூடியைத் திறந்தார். இவ்வளவு நாளுக்குப் பிறகு அந்த முகம் எப்படி இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கொழுந்தனும் அக்காவும் முதல் நாள் முழுவதும் அந்த அறைக்குள் இருந்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. சவரம் செய்து, பவுடர் பூசி, வெள்ளைச் சேட்டின் கழுத்துப்பட்டியை நேராக்கி வைத்திருந்தார்கள்.

திரையில் இருந்த அந்தக் கரைத் தாய் கூப்பிட்ட பெயர் இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவான பெயர். பக்கத்தில் நின்ற மயிலிட்டித் தாயும் திடுக்கிட்டு நிமிர்ந்தா.

“வடிவாப் பாத்திட்டீங்களோ அம்மா?” என்றார் அக்கா. “உங்கடை பிள்ளைதானே?”

“ஆமாம்மா. அவந்தான்.”

“இன்னும் பாக்கப்போறீங்களோ?”

திரையில் அந்தத் தாய் பார்த்துக்கொண்டிருந்தார். பாதர் பூசைப் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார். வெயிலில் நின்ற சனம் கால் மாற்றியது. யாரோ நேரம் போகுது என்றார்கள். அக்கா மூடியைக் கையில் தாங்கியபடி அசையாமல் நின்றார். அது கனமான பலகை. கொழுந்தன் வாங்கப் போனார், அக்கா கொடுக்கவில்லை. கடல் கடந்து இருந்த அந்தப் பெண் தானாக, போதும்மா என்று சொல்லும் வரைக்கும் நின்றார்.

அதற்குப் பிறகு அக்கா மாறிவிட்டார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். மாறவில்லை. பூக்காம்பைக் கிள்ளினார், கணவரின் வாகனம் எங்கே என்று விசாரித்தார். நேர்மையான ஆட்களின் மனதை நோகடித்தார். மூத்தவன் தன் தாயைக் கூட்டிக்கொண்டு மாதா கோயில் திருநாளுக்குப் போகும் வழியில் ஒரு தடவை மலர்ச்சாலையில் இறங்கி, ஒரு பை நிறைய விளைமீன் கொண்டுவந்து கொடுத்தான். அக்கா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். அவன் சிரித்தான்.

நானும் ஒரு நாள் வெளிக்கிட்டேன். வளைகுடாவில் ஒரு கம்பனியில் கமெரா வேலை. சொல்லிவிட்டுப் போகலாம் என்று மலர்ச்சாலைக்குப் போனேன். அக்கா கூடத்தில் ஒரு பெட்டிக்கு உட்துணி அடித்துக்கொண்டிருந்தார். யார் கூட்டிப்போகிறார்கள், எந்த இடம், அந்தக் கம்பனி இருப்பதை யார் பார்த்தது என்று எல்லாம் கேட்டார். நான் எரிச்சலை அடக்கிக்கொண்டு பதில் சொன்னேன். பிறகு கையிலிருந்த சுத்தியலை வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

“இஞ்சை திரும்பு.”

திரும்பினேன். என் நாடியை ஒரு விரலால் உயர்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வாழ்த்தப்போகிறார் என்று நினைத்தேன்.

“காதுக்குப் பின்னாலை என்ன அது?”

“மச்சம் அக்கா.”

“எப்ப தொடக்கம்?”

“பிறந்ததிலை இருந்து.”

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

தெரியும் என்றேன். அவர் அந்த இடத்தை இன்னொரு தரம் பார்த்தார். விரலால் தொட்டு, அது அழியாதது என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

“சரி” என்றார். “போயிட்டு வா.”